பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லையா? லினக்ஸிலிருந்து விண்டோஸ் ஷேருக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

சிவகாசியில் எங்களுடையது சின்ன ஆஃப்செட் அச்சகம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. பில் போடவும் ப்ரூஃப் பார்க்கவும் வைத்திருந்த மூன்று பழைய கம்ப்யூட்டர்களும் விண்டோஸ் 11-க்குத் தேறவில்லை. புதிது வாங்கினால் ஒன்றுக்கு 38 ஆயிரம் என்று கொட்டேஷன் வந்தது. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் போட்டேன். அரை நாளில் முடிந்தது.

மறுநாள் காலை பில்லிங் தங்கச்சி வந்து நின்றாள். "அண்ணே, ப்ரூஃப் ஃபோல்டருக்குள்ள போகமாட்டேங்குது. பாஸ்வேர்டு போட்டா மறுபடி பாஸ்வேர்டே கேக்குது." அந்த ஃபோல்டர் இருப்பது முதலாளியின் விண்டோஸ் கம்ப்யூட்டரில்; நெட்வொர்க்கில் எங்களுக்காகப் பகிர்ந்து வைத்தது. இப்படிப் பகிர்ந்த ஃபோல்டரைத்தான் ஷேர் என்கிறேன். கேலண்டர் சீசன் வேறு. அந்த ஒரு பெட்டியைத் திறக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வந்து பார்ப்பதற்கு மட்டும் 1,500 ரூபாய் கேட்டார் ஒரு டெக்னீஷியன். நீங்கள் அந்த இரண்டு நாளையும் 1,500-ஐயும் மிச்சம் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மென்பொருளுக்குச் செலவு ஒன்றுமில்லை.

ஒரு சொல்: கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். "பெரிய" என்று நான் சொல்லும் இடம் தவிர மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

1. முதலில் ஒரு தாளில் ஐந்து விவரம் (10 நிமிடம்)

கீபோர்டைத் தொடும் முன் இவற்றை எழுதி வையுங்கள்: ஷேர் இருக்கும் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி, அதன் பெயர், ஷேரின் பெயர், யூசர்நேம், பாஸ்வேர்டு.

ஐபி முகவரிக்கு விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். யூசர்நேமுக்கு ஹூஆம்ஐ என்று அடியுங்கள். இந்த இரண்டாவதுதான் முக்கியம். திரையில் தெரியும் பெயரை நம்பாதீர்கள். எங்கள் முதலாளி கம்ப்யூட்டரில் அவருடைய முழுப்பெயர் பெரிதாகத் தெரியும். ஹூஆம்ஐ அடித்தால் கம்ப்யூட்டர் பெயருக்கும் பின்சாய்கோட்டுக்கும் பிறகு மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்துதான் வந்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு விண்டோஸை அமைத்தால் உள்ளே பெயர் அப்படித்தான் உருவாகும்.

ஷேர் பெயரிலும் ஒரு பொறி உண்டு. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை வலது கிளிக் செய்து சாதாரண "ஷேர்" பட்டனில் பகிர்ந்தால், பல நேரம் அது தனி ஷேராக வராது. யூசர்ஸ் என்ற பெரிய ஷேருக்குள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்தி, ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாக நீங்களே ஒரு பெயர் வையுங்கள். இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல்லாக இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் அதை "ப்ரூஃப்" என்கிறேன்.

2. பின் நம்பரை மறந்துவிடுங்கள். ஷேருக்கென்று தனி யூசர் போடுங்கள் (5 நிமிடம்)

என் முதல் நாள் முழுக்க இங்கேதான் போனது. முதலாளி தினமும் நான்கு இலக்க பின் அடித்து உள்ளே போவார். அதையே நானும் லினக்ஸில் அடித்துக்கொண்டிருந்தேன். பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருபவருக்குச் செல்லாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். அது அவருக்கே நினைவில்லை.

அவருடைய மெயில் பாஸ்வேர்டை மூன்று கம்ப்யூட்டரில் எழுதி வைப்பதும் நல்லதில்லை. ஆகவே விண்டோஸில் ஷேருக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து:

நெட் யூசர் அச்சு பாஸ்வேர்டு /ஆட்

"அச்சு" என்பது நான் வைத்த பெயர். "பாஸ்வேர்டு" என்ற இடத்தில் உங்கள் பாஸ்வேர்டு. ஹோம் எடிஷனிலும் இது வேலை செய்யும். பாஸ்வேர்டில் காற்புள்ளி வேண்டாம். லினக்ஸின் மவுண்ட் கட்டளையில் (ஷேரை லினக்ஸில் ஒரு ஃபோல்டராக இணைப்பது) காற்புள்ளி வந்தால் அடுத்த ஆப்ஷன் தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு இல்லாமலும் விடாதீர்கள். வெற்று பாஸ்வேர்டு உள்ள யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியே ஏற்காது.

இப்படி உருவாக்கிய யூசரின் பாஸ்வேர்டு, விண்டோஸின் வழக்கமான அமைப்பில் 42 நாளில் காலாவதியாகும். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் யாரும் எதையும் தொடாமலே நின்றுபோகும். இப்போதே பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடித்துவிடுங்கள்:

செட்-லோக்கல்யூசர் -நேம் அச்சு -பாஸ்வேர்டுநெவர்எக்ஸ்பயர்ஸ் $ட்ரூ

3. இரண்டு பூட்டையும் திறங்கள்

விண்டோஸ் ஷேருக்கு இரண்டு பூட்டு. அட்வான்ஸ்டு ஷேரிங் உள்ளே இருக்கும் பெர்மிஷன்ஸ் ஒன்று. செக்யூரிட்டி டேபில் இருப்பது இன்னொன்று. இரண்டிலும் புது யூசரைச் சேர்த்து, எழுதவும் அனுமதி கொடுங்கள். எதில் அனுமதி குறைவோ அதுவே செல்லும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு "ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தேனே" என்று புலம்பியவன் நான்.

அப்படியே நெட்வொர்க் ப்ரொஃபைல் "ப்ரைவேட்" என்று இருக்கிறதா, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டே வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று திறந்துவிடும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். விண்டோஸ் ஃபோல்டர் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ, எண்டர்ப்ரைஸ், எஜுகேஷன் எடிஷன்களில் எஸ்எம்பி சைனிங், அதாவது போய்வரும் தகவலில் கையொப்பமிடுவது, வழக்கமான அமைப்பிலேயே கட்டாயமாகியிருக்கிறது. கெஸ்ட்டாக வருபவரால் சைன் செய்ய முடியாது. அந்த வழியில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. லினக்ஸ் பக்கம் இரண்டு பேக்கேஜ் (2 நிமிடம்)

லினக்ஸ் வகைகளில் மிண்ட், உபுண்டு, டெபியன் எதுவானாலும் (சூடோ என்றால் "அட்மினாக ஓட்டு"):

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் எஸ்எம்பிகிளையண்ட்

முதல் பேக்கேஜ் இல்லாமல் மவுண்ட் செய்யப் பார்த்தால் "பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று டிஸ்க்கே கெட்டுப்போன மாதிரி மிரட்டும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பேக்கேஜைப் போட்டால் போதும்.

அடுத்து, கதவு வரைக்கும் போக முடிகிறதா பாருங்கள்:

என்சி -இசட்வி 192.168.1.20 445

192.168.1.20 இருக்கும் இடத்திலெல்லாம் 1-ஆம் படியில் எழுதி வைத்த ஐபியைப் போடுங்கள். 445 என்பது ஷேருக்கான கதவு எண். "சக்சீடட்" என்று வந்தால் பாதை திறந்திருக்கிறது. அப்படியே தொங்கினால் ஐபி மாறியிருக்கும், அல்லது விண்டோஸ் ஃபயர்வால் மறிக்கிறது. இரண்டுக்கும் பாஸ்வேர்டுக்கும் தொடர்பில்லை. ரவுட்டரில் அந்த கம்ப்யூட்டருக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் ஒரு தலைவலி குறையும்.

5. மவுண்ட் செய்யாமல் கேட்டுப் பாருங்கள்

இந்த ஒரு படியை முதலிலேயே செய்திருந்தால் என் இரண்டு நாள் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியிருக்கும்.

மவுண்ட் கட்டளை தோற்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மவுண்ட் எரர்(13): பெர்மிஷன் டினைட்." யூசர்நேம் தவறினாலும் 13, பாஸ்வேர்டு தவறினாலும் 13, காலாவதியானாலும் 13, பூட்டப்பட்டிருந்தாலும் 13. காய்ச்சல் என்று மட்டும் சொல்லும் நோயாளி மாதிரி. ஆகவே மவுண்ட்டை ஒதுக்கி வைத்துவிட்டு சர்வரிடம் நேராகப் பேசுங்கள்:

எஸ்எம்பிகிளையண்ட் //192.168.1.20/ப்ரூஃப் -யூ அச்சு

இங்கே யூ பெரிய எழுத்து. பாஸ்வேர்டு கேட்கும், அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பதறாதீர்கள். உள்ளே போய்விட்டால் எஸ்எம்பி என்ற ப்ராம்ப்ட் வரும். எல்எஸ் அடித்தால் ஃபைல்கள் தெரியும். அப்படி வந்துவிட்டால் விண்டோஸ் பக்கம் பெயரும் பாஸ்வேர்டும் சரி. கோளாறு லினக்ஸ் பக்கம் மவுண்ட் செய்யும் முறையில். நேராக 7-க்குப் போங்கள்.

வரவில்லை என்றால் என்டி ஸ்டேட்டஸ் என்று தொடங்கும் ஒரு வரி கிடைக்கும். அந்த வரிதான் உண்மையான காரணம்.

6. அந்த வரியைப் படிக்கும் விதம்

லாகன் ஃபெயிலியர்: பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு. எது என்று லினக்ஸுக்குச் சொல்லமாட்டார்கள். விண்டோஸில் ஈவண்ட் வியூவர் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 எண்ணைத் தேடுங்கள் (தோற்ற லாகின்களைப் பதியும் ஆடிட் ஆன் ஆகியிருக்க வேண்டும்). அதில் சப் ஸ்டேட்டஸ் என்ற எண்ணின் கடைசியைப் பாருங்கள். 64 என்று முடிந்தால் அப்படியொரு யூசரே இல்லை. 6ஏ என்று முடிந்தால் யூசர் சரி, பாஸ்வேர்டு தவறு. என் சந்தேகத்தை ஒரே நொடியில் தீர்த்தது இந்தப் பதிவுதான்: 64. மெயிலின் முதல் ஐந்து எழுத்து என்று அப்போது எனக்குத் தெரியாததால் முழுப்பெயரை அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கவுண்ட் லாக்டு அவுட்: திரும்பத் திரும்ப அடித்ததால் பூட்டிவிட்டது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் பத்து தவறுக்கு பத்து நிமிடப் பூட்டு. இந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் ஏற்காது, அதனால் சரியானதையே தவறென்று நினைத்து மாற்றிவிடுவோம். கையைக் கட்டிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வேறொரு கம்ப்யூட்டர் பழைய பாஸ்வேர்டோடு பின்னணியில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டு எக்ஸ்பயர்டு, பாஸ்வேர்டு மஸ்ட் சேஞ்ச்: 2-ஆம் படியின் 42 நாள் கதை.

அக்கவுண்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்: பெரும்பாலும் வெற்று பாஸ்வேர்டு.

ஆக்சஸ் டினைட்: லாகின் ஆகிவிட்டீர்கள், ஆனால் அந்த ஷேருக்கு அனுமதியில்லை. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். சி$ மாதிரி டாலர் போட்ட ஷேருக்குள் லோக்கல் அட்மின் யூசரோடு போகப் பார்த்தாலும் இதுவே வரும்; அதை விட்டுவிட்டுச் சாதாரண ஷேர் ஒன்று உருவாக்குங்கள்.

பேட் நெட்வொர்க் நேம்: ஷேர் பெயரில் எழுத்துப் பிழை. எஸ்எம்பிகிளையண்ட் கட்டளையில் பெரிய எல் போட்டு, ஷேர் பெயர் இல்லாமல் ஐபியை மட்டும் கொடுத்தால் இருக்கும் ஷேர்களின் பட்டியல் வரும்.

ஃபைல் மேனேஜரிலிருந்து முயன்று அங்கே மட்டும் தோற்கிறது என்றால் வேறொரு காரணமும் இருக்கலாம். முதல் தடவை "என்றும் நினைவில் வை" என்று தட்டியிருப்பீர்கள். பழைய தவறான பாஸ்வேர்டு கீரிங்கில் (லினக்ஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் இடம்) உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் என்ற ஆப்பைத் திறந்து அந்த முகவரிக்கான பதிவை அழியுங்கள்.

7. பாஸ்வேர்டு ஃபைல்: கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

இப்போது நிரந்தரமாக இணைப்போம். பாஸ்வேர்டைக் கட்டளையில் எழுதாமல் தனி ஃபைலில் வையுங்கள். /இடிசி ஃபோல்டருக்குள் "ப்ரூஃப்-கிரெட்" என்று ஒரு ஃபைல், உள்ளே இரண்டே வரி:

யூசர்நேம்=அச்சு
பாஸ்வேர்டு=உங்கள் பாஸ்வேர்டு

சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. வரி முடிவிலும் கூடாது. பாஸ்வேர்டை மேற்கோள் குறிக்குள்ளும் போடாதீர்கள். அந்தக் குறியையும் பாஸ்வேர்டின் பகுதியாக எடுத்துக்கொள்ளும்.

என் இரண்டாம் நாள் இங்கே போனது. எஸ்எம்பிகிளையண்ட் உள்ளே விடுகிறது. மவுண்ட் 13 என்கிறது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன், எல்லாம் சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு, மெஷின் நின்ற பிறகு, இந்தக் கட்டளையை அடித்தேன்:

சூடோ கேட் -ஏ /இடிசி/ப்ரூஃப்-கிரெட்

ஏ பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு $ காட்டும். முதல் வரியில் $ பெயரை ஒட்டி நின்றது. இரண்டாவது வரியில் பாஸ்வேர்டுக்கும் $-க்கும் நடுவே ஒரு எழுத்தளவு வெற்றிடம். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இடைவெளி! அதை அழித்தேன், அடுத்த நொடி மவுண்ட் ஆனது.

$-க்கு முன்னால் ^ குறியும் எம் எழுத்தும் சேர்ந்து தெரிந்தால் அந்த ஃபைல் விண்டோஸ் நோட்பேடில் எழுதப்பட்டது. லினக்ஸிலேயே புதிதாக எழுதுங்கள்.

பிறகு வேறு யாரும் படிக்காதபடி:

சூடோ சிஎச்மோட் 600 /இடிசி/ப்ரூஃப்-கிரெட்

8. மவுண்ட் செய்யும் கட்டளை

சூடோ எம்கேடிர் /எம்என்டி/ப்ரூஃப்

சூடோ மவுண்ட் -டி சிஐஎஃப்எஸ் //192.168.1.20/ப்ரூஃப் /எம்என்டி/ப்ரூஃப் -ஓ கிரெடென்ஷியல்ஸ்=/இடிசி/ப்ரூஃப்-கிரெட்,யூஐடி=1000,ஜிஐடி=1000

-ஓ-வுக்குப் பிறகு ஆப்ஷன்களுக்கு நடுவே காற்புள்ளி மட்டும். இடைவெளி விட்டால் கட்டளை உடையும். யூஐடியை (லினக்ஸில் உங்கள் யூசர் எண்) விட்டுவிட்டால் ஃபைல்கள் எல்லாம் ரூட்டுக்கு, அதாவது லினக்ஸின் அட்மினுக்கு, சொந்தமாக வந்து, பார்க்கலாம், எழுத முடியாது என்ற நிலைமை வரும். பலர் இதையும் லாகின் கோளாறு என்று நினைத்து விண்டோஸ் பக்கம் போய்த் துழாவுவார்கள். சோதிக்க ஒரே வழி: சூடோவோடு அந்த ஃபோல்டரில் ஒரு ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். சூடோவுக்கு முடிந்து உங்களுக்கு முடியவில்லை என்றால் யூஐடிதான் காரணம். உங்கள் எண் என்னவென்று ஐடி என்ற கட்டளை சொல்லும். முதல் யூசருக்கு வழக்கமாக 1000.

தோற்றால் உடனே "சூடோ டிமெஸ்ஜி" அடியுங்கள் (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்து). கடைசி வரிகளில் 6-இல் சொன்ன அதே காரணப் பெயர்கள் ஸ்டேட்டஸ் என்று தொடங்கி வரும்.

13 தவிர வேறு எண் வந்தால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம். 2 என்றால் பெரும்பாலும் ஷேர் பெயரில் பிழை. 111 என்றால் அந்தப் பக்கம் ஷேரிங் ஓடவில்லை. 113 என்றால் அந்த முகவரிக்குப் பாதையே இல்லை. 112, அதாவது "ஹோஸ்ட் இஸ் டவுன்", கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தால் எஸ்எம்பி பதிப்பு ஒத்துப்போகவில்லை. லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.13-இலிருந்து எஸ்எம்பி 1-ஐத் தானாக முயல்வதில்லை. பழைய நாஸ் பெட்டிகளுக்கு (நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல் சேமிக்கும் பெட்டி) அது மட்டும்தான் தெரியும். வெர்ஸ்=1.0 என்று சேர்த்தால் ஓடக்கூடும். ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் வைரஸ் பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். ஃபைல்களை வெளியே எடுக்கும் வரை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.

பழைய குறிப்புகளில் செக்=என்டிஎல்எம் என்று போடச் சொல்லியிருக்கும். கெர்னல் 5.15-இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. போட்டால் கட்டளையே ஓடாது. செக் ஆப்ஷனை விட்டுவிட்டால் சரியானதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

9. காலையில் ஆன் செய்ததும் தானாக வர

/இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் இந்த ஒற்றை வரியைச் சேருங்கள்:

//192.168.1.20/ப்ரூஃப் /எம்என்டி/ப்ரூஃப் சிஐஎஃப்எஸ் கிரெடென்ஷியல்ஸ்=/இடிசி/ப்ரூஃப்-கிரெட்,யூஐடி=1000,ஜிஐடி=1000,_நெட்டெவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் 0 0

நோஃபெயில் கட்டாயம். அது இல்லாவிட்டால் முதலாளி கம்ப்யூட்டர் ஆஃபாக இருக்கும் நாளில் உங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது அந்த ஷேருக்காகக் காத்து நிற்கலாம். ஆட்டோமவுண்ட், ஃபோல்டரைத் திறக்கும்போதுதான் இணைக்கும்; வைஃபை மெதுவாக வரும் லேப்டாப்புக்கு இதுதான் சரி. ஷேர் பெயரில் இடைவெளி இருந்தே தீரும் என்றால் அந்த இடத்தில் பின்சாய்கோடும் 040-ம் எழுதுங்கள்.

ரீஸ்டார்ட் செய்து பார்க்கும் முன், 8-இல் செய்த மவுண்ட்டை "சூடோ யூமவுண்ட் /எம்என்டி/ப்ரூஃப்" என்று கழற்றிவிட்டு (யூ, எம், ஓ, யூ, என், டி என்ற ஆறு எழுத்து), "சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்", பிறகு "சூடோ மவுண்ட் -ஏ" (இங்கே சின்ன ஏ). பிழை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

10. ஆபீஸ் டொமைன் என்றால்

பெரிய அலுவலகத்தில் எல்லா யூசரையும் ஒரே சர்வரில் வைக்கும் ஆக்டிவ் டைரக்டரி, பாஸ்வேர்டைச் சரிபார்த்து "டிக்கெட்" என்ற நுழைவுச் சீட்டு கொடுக்கும் கெர்பரோஸ் இருந்தால் இரண்டு விஷயத்தை முதலில் பாருங்கள். லினக்ஸ் கடிகாரத்துக்கும் சர்வர் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் மறுக்கும். ஐபி முகவரி போட்டு இணைக்காமல் சர்வரின் முழுப்பெயரைப் போடுங்கள். டிக்கெட் பெயருக்குத்தான் கிடைக்கும். கேஇனிட் கட்டளையில் டொமைன் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில். மவுண்ட் எரர் 126 வந்தால் டிக்கெட் இல்லை, அல்லது கீயூட்டில்ஸ் பேக்கேஜ் இல்லை. டிக்கெட் வழக்கமாக பத்து மணி நேரம்தான். காலையில் வேலை செய்து இரவு நின்றால் கேலிஸ்ட் அடித்துப் பாருங்கள்.

11. சர்வரும் லினக்ஸ் என்றால்

லினக்ஸிலிருந்து ஷேர் கொடுக்கும் மென்பொருள் சாம்பா. அது தனக்கென்று பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கிறது. லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்டு அதற்குத் தெரியாது. சர்வரில் அந்த யூசர் இருக்க வேண்டும்; அதோடு "சூடோ எஸ்எம்பிபாஸ்வேர்டு -ஏ அச்சு" என்று தனியாகவும் சேர்க்க வேண்டும் (கட்டளைப் பெயரில் பாஸ்வேர்டு என்பதை பிஏஎஸ்எஸ்டபிள்யூடி என்று சுருக்கி அடிக்க வேண்டும்). உபுண்டுவும் டெபியனும் தரும் அமைப்பில், தெரியாத யூசர்நேமை கெஸ்ட் ஆக்கிவிடும் ஒரு வரி இருக்கிறது. அதனால் பெயரில் பிழை இருந்தாலும் கெஸ்ட்டுக்குத் திறந்த ஷேருக்குள் போய்விடுவீர்கள். எழுதப் போகும்போதுதான் மறுக்கும். "உள்ளே போகிறது, சேவ் ஆகவில்லை" என்றால் யூசர்நேமின் எழுத்தைச் சரிபாருங்கள்.

12. இன்னும் வரவில்லை, யாரிடமாவது கேட்கிறீர்கள் என்றால்

"பெர்மிஷன் டினைட் வருது, உதவுங்க" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்பவர் இருபது கேள்வி திருப்பிக் கேட்பார். முதல் செய்தியிலேயே இவற்றைக் கொடுங்கள்: லினக்ஸ் பெயரும் கெர்னல் எண்ணும் (யூநேம் -ஆர் சொல்லும்), ஷேர் இருக்கும் பக்கம் என்ன விண்டோஸ் அல்லது என்ன நாஸ் என்பது, நீங்கள் அடித்த மவுண்ட் கட்டளை அப்படியே, எஸ்எம்பிகிளையண்ட் சொன்ன என்டி ஸ்டேட்டஸ் வரி, டிமெஸ்ஜியின் கடைசி பத்து வரி. அனுப்பும் முன் அதில் பாஸ்வேர்டு எங்காவது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து அழித்துவிடுங்கள்; நான் பார்க்கவில்லை, அன்று இரவே அச்சு யூசருக்குப் புது பாஸ்வேர்டு வைத்து, மூன்று கம்ப்யூட்டரிலும் 7-ஆம் படியை மறுபடி செய்தேன்.